போடில் டீச்சரின் தனிச்சாப்பாடு

ஸ்கார்வோ தீவில் படகை விட்டு இறங்குகிற எவரும் எஸ்கிலைத் தாண்டாமல் ஊருக்குள் போய்விட முடியாது. படகுத்துறையின் முதல் பெஞ்சு அவருடையது. அந்தப் படகின் எஞ்சினோடு வாழ்நாள் முழுக்கக் குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போதும் துறையில் யாராவது கயிற்றைக் கோணல்மாணலாகச் சுருட்டிப் போட்டிருந்தால் எழுந்துபோய்ப் பிரிப்பார். திருத்தமாகச் சுருட்டி வைத்துவிட்டு வந்து உட்காருவார். அதன் பிறகுதான் பேச்சு.

“அந்தச் செங்கல் கட்டடம் தெரியுதா? பள்ளிக்கூடம். என் தங்கச்சி போடில் அங்கதான் டீச்சரா இருந்தா.”

வந்தவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்குவார்.

“உங்க டிக்கெட்ட வாங்கினானே, அவன் அவகிட்டப் படிச்சவன். படகு ஓட்டினவனும் அவகிட்டப் படிச்சவன். நீங்க தங்கப்போற விடுதியில காபி கொண்டாருவா பாருங்க, அவளும்தான்.”

“அப்படியா, சந்தோஷம்.”

“நானும் படிச்சிருப்பேன். என்ன செய்ய, அவளுக்கு முன்னாடி பிறந்து தொலைச்சுட்டேன்.”

எஸ்கில் ஏழாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர். அவருக்கு வாய்த்த வாத்தியார் காதைத் திருகிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். காது கொஞ்சம் நீண்டது, கணக்கு நீளவில்லை. அதே பள்ளிக்கூடத்தின் அதே கரும்பலகைக்கு முன்னால் தன் தங்கை போய் நின்றாள் என்பதை அவரால் இன்றுவரை சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

போடில் டீச்சரிடம் படித்து ஸ்கார்வோவிலிருந்து இதுவரை ஒரு பேராசிரியர் வந்ததில்லை. ஒரு மந்திரியும் வந்ததில்லை. கணக்கில் தீவு சுமார்தான். ஆனால் இரண்டு பழக்கங்களை டீச்சர் பிள்ளைகளின் எலும்புக்குள் ஏற்றிவிட்டார். ஒன்று, வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையையும் கேட்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. இன்னொன்று, யாரும் தனியாகச் சாப்பிடக்கூடாது. இவற்றை அவர் சட்டமாகச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. அவர் செய்தார், பிள்ளைகள் பார்த்தார்கள்.

பிறகு பிள்ளைகள் வளர்ந்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

துறைமுகப் பெஞ்சுகளுக்கு என்ன நிறம் அடிப்பது என்று தீவுக் குழு ஒரு குளிர்காலம் முழுக்கக் கூடிப் பேசியது. எல்லோரும் கருத்துச் சொல்லியாகிவிட்டது. தேனீ வளர்க்கிற ஒரு பெரியவர் மட்டும் மூலையில் பேசாமல் இருந்தார். அவர் மனசில் என்ன இருக்கிறதோ என்று ஊரே காத்திருந்தது. பனி உருகி, முதல் தேனீ வெளியே வந்த வாரத்தில் அவர் வாய் திறந்தார். “எனக்கு எதுவா இருந்தாலும் சரி” என்றார்.

சாப்பாட்டு விஷயம் இதைவிடத் தீவிரம். தீவின் விடுதியில் ஒற்றை ஆளுக்கான மேஜை கிடையாது. தனிமையில் நாவல் எழுத வேண்டும் என்று ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். முதல் ராத்திரி அவரோடு தேவாலயத்தில் மணியடிப்பவர் சாப்பிட்டார். மறுநாள் காலை தபால்காரர், மதியம் ஒரு குடும்பம் முழுக்க. மூன்றாம் நாள், ஒரு வரிகூட எழுதாமல், கால்சட்டைப் பொத்தான் தெறித்த கோலத்தில் அவர் படகேறினார். மீன்பிடிக்கிற ஆஸ்கெரின் மனைவி அவரை விட்டுவிட்டு வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து புதன்கிழமைதோறும் ஆஸ்கெருக்கு அந்த வீட்டில்தான் சாப்பாடு. “அந்தாளை எனக்குக் கண்டாலே ஆகாது. ஆனா மீனை என்ன பதமா வறுக்கிறான்ங்கிறீங்க!” என்பார்.

டீச்சர் ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பள்ளிக்கூடத்துக்கு எதிரே சின்ன வீடு. அங்கே அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார் என்ற நினைப்பே தீவை நடுங்க வைத்தது. ஏற்பாட்டை எஸ்கில் தன் தலையில் எடுத்துக்கொண்டார். எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற ஒழுங்கோடு, எந்த நாள் எந்த வேளைக்கு யார் என்று முறை வைத்தார். காலைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள், மதியத்துக்கு ஒரு பழைய வகுப்பு, ராத்திரிக்கு இன்னொரு பழைய வகுப்பு. ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

“ராஜா வீட்டுக்குக்கூட இத்தனை விருந்தாளி வர்றதில்ல” என்று பெஞ்சில் உட்கார்ந்து சொல்லுவார்.

வசந்தம் முடிகிற ஒரு மாலையில், அன்றைய விருந்தாளிகள் போன பிறகு, அண்ணனும் தங்கையும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, என் பிறந்தநாளுக்கு நீ என்ன தரப்போற?”

“எழுபது ஆச்சே, சும்மாவா? வாசல்ல பச்சைத் தோரணம். விடிஞ்சதும் ஜன்னலுக்கு அடியில பாட்டு. புதுக் கொடி. கம்பத்துக்கு நானே வெள்ளையடிக்கிறேன், ரெண்டு கை.”

“அதெல்லாம் ஊரு தர்றது. நீ?”

“கேளு.”

“ஒரு வேளைச் சாப்பாடு. தனியா.”

எஸ்கில் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார். “எங்கயாவது வலிக்குதா?”

“ஒரு வலியும் இல்ல. வறுத்த விலாங்கு, பால்ல வெந்த உருளைக்கிழங்கு. கையாலயே எடுத்துத் திங்கணும். முள்ளைச் சப்பித் தட்டைச் சுத்தி அடுக்கணும். ஒரு கொலைக் கதையைப் பால் ஜாடியில சாய்ச்சு வச்சுப் படிக்கணும். ஒருத்தரும் ‘டீச்சர், உப்பு போதுமா’ன்னு கேட்கக்கூடாது. பள்ளிக்கூடத்துல அத்தனை வருஷம் பிள்ளைங்களோட சாப்பிட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப அதே பிள்ளைங்க வழுக்கைத் தலையோட வந்து உட்காருதுங்கண்ணே.”

“சாப்பிடும்போது படிக்கக்கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட நீதானே...”

“ஆமா. அதனாலதான் படிக்கணும்.”

“இதை நீயே அவங்ககிட்டச் சொல்லிட்டாப் போச்சு.”

டீச்சர் குழாயை மூடினார். “ஆல்வில்டாகிட்ட எப்படிச் சொல்லுவேன்? அவ முகம் வாடிருமே.”

ஆல்வில்டா தீவுக் குழுவின் தலைவி. ஐம்பதைத் தாண்டியவர். அவர் படகேறி வருகிறார் என்று கேள்விப்பட்டாலே எதிர்க்கரை அதிகாரிகளுக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். டீச்சரின் முதல் வருஷத்து வகுப்பில் படித்தவர். சாப்பாட்டு முறையில் தன் நாளை ஒருமுறைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

“மனசுல இருக்கிறத வாயைத் திறந்து சொல்லுங்கன்னு ஊருக்கே சொல்லிக்கொடுத்தவ நீ.”

“சொல்லிக்கொடுத்தேன். நான் எங்க கத்துக்கிட்டேன்?”

எஸ்கில் ராத்திரி தூங்கவில்லை. தனியாகச் சாப்பிட ஆசை வருவது என்ன வியாதியின் அறிகுறி என்று தெரியாமல், விடிந்ததும் டாக்டர் சிஸ்ஸலைத் தங்கை வீட்டுக்குக் கூப்பிட்டார். சிஸ்ஸலும் டீச்சரின் மாணவிதான். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியோடு ஒரு பெரிய அடுப்புப் பாத்திரத்தில் கோழியும் கொண்டுவந்தார்.

“இந்த ஆசை எப்பலேர்ந்து, டீச்சர்?”

“ரொம்ப நாளா.”

“சாப்பிட்ட பிறகும் இருக்குதா?”

“சாப்பிடும்போதுதான் அதிகமா இருக்கு.”

டாக்டர் நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. “உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்த மாதிரி நேரத்துல அவங்களைத் தனியா விடவே கூடாது” என்று எஸ்கிலிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கோழியைப் பரிமாறினார். டாக்டரின் தோளுக்கு மேலாகத் தங்கை தன்னைப் பார்த்த பார்வையை எஸ்கிலால் தாங்க முடியவில்லை. கேட்டது ஒரு வேளைச் சோறு. அதைக்கூடத் தன்னால் வாங்கித் தர முடியவில்லையா?

அன்றே ஊர்க்கூடத்துக்குப் போனார். பிறந்தநாள் ஏற்பாட்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேஜை நிறையக் காபி, கேக். வாழ்த்துப் பாட்டைப் பற்றிய விவாதம் சூடாக இருந்தது. இந்த மாதிரி நாளுக்குத் தெரிந்த மெட்டில் புதுப் பாட்டு எழுதிப் பாடுவது அங்கே வழக்கம். டீச்சரிடம் படித்த ஒவ்வொருவரும் ஒரு சரணம் எழுதியிருந்தார்கள். ஒருவருடைய சரணத்தையும் விட்டுவிடக்கூடாது என்பதால் பாட்டு அறுபது சரணத்தைத் தாண்டிவிட்டது. மெட்டு வேறு சாவு வீட்டு வேகம்.

எஸ்கில் எழுந்து நின்றார். “போடிலுக்குப் பிறந்தநாள் அன்னைக்கு மத்தியானம் தனியாச் சாப்பிடணுமாம்.”

காபி ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்த மறந்துவிட்டார்.

“யார் மேலயாவது கோவமா?” என்றார் ஆஸ்கெர்.

“கோவமெல்லாம் இல்லடா.”

“அப்ப யாரோ என்னமோ சொல்லியிருக்காங்க.”

உடனே ஒரு பெண் எழுந்து, போன வாரம் டீச்சர் வீட்டில் கடைசிக் கேக் துண்டைத் தான் எடுத்துவிட்டதாகச் சொல்லி அழ ஆரம்பித்தார். அவரைத் தொடர்ந்து ஒருவர், டீச்சர் பேசிக்கொண்டிருந்தபோது தான் கொட்டாவி விட்டதை ஒப்புக்கொண்டார். ஆல்வில்டாவின் முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆனாலும் அவர் டீச்சரின் மாணவி அல்லவா?

“டீச்சர் ஒண்ணு கேட்டிருக்காங்க. அதுக்கு மரியாதை கொடுக்கணும். எப்படிக் கொடுக்கிறதுன்னு ஒவ்வொருத்தரும் சொல்லுங்க” என்றார்.

ஒவ்வொருவரும் சொன்னார்கள். காபி இரண்டு முறை புதிதாகப் போடப்பட்டது. கடைசியில் முடிவை ஆல்வில்டா எடுத்துச் சொன்னார்.

“டீச்சர் தனியாத்தான் சாப்பிடுவாங்க. ஆனா தனியாச் சாப்பிடுற அந்த நேரத்துல அவங்களைத் தனியா விட்டுட மாட்டோம். எல்லாரும் கூட இருப்போம்.”

கூடமே கைதட்டியது. அழுத பெண் சிரித்தார். தப்பான மரையில் ஒரு திருகாணி வழுக்கிக்கொண்டு இறங்குகிற மாதிரி எஸ்கிலுக்குத் தோன்றியது. எங்கே இடறுகிறது என்று யோசித்து முடிப்பதற்குள் ஆல்வில்டா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க இன்னும் சொல்லலியே எஸ்கில். நீங்க என்ன நினைக்கிறீங்க?”

அத்தனை முகங்களும் அவரைப் பார்த்தன. அத்தனையும் அவர் தங்கைக்காக மலர்ந்திருந்த முகங்கள். எந்த அண்ணனுக்கு இது கிடைக்கும்? “சரிதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிறந்தநாள் விடிந்தது. தோரணம் ஏறியது, கொடி ஏறியது, ஜன்னலுக்கு அடியில் பாட்டின் முதல் பத்துச் சரணங்கள் பாடப்பட்டன, மிச்சம் பிற்பகலுக்கு. மதியம் எஸ்கில் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஊர்க்கூடத்துக்கு வந்தார். கூடத்தின் நடுவில் பள்ளிக்கூட நாடகத் திரையை நான்கு பக்கமும் சுற்றிக் கட்டியிருந்தார்கள். காடு வரைந்த திரை. ஒரு பக்கத்து மான் தலைகீழாகத் தொங்கியது. உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வறுத்த விலாங்கு, உருளைக்கிழங்கு, பால் ஜாடி. எதிர்க்கரைக்கு ஆள் அனுப்பி வாங்கிய புத்தம்புதுக் கொலைக் கதையும் தயாராக இருந்தது. திரைக்கு வெளியே, சுவரோடு சுவராக, ஸ்கார்வோ முழுவதும் உட்கார்ந்திருந்தது. சத்தம் வரக்கூடாது என்று எல்லோர் தட்டுக்கு அடியிலும் துண்டு விரித்திருந்தார்கள்.

“அண்ணே, இதுதானா?”

“தனி அறை மாதிரிதான். கூரை மட்டும்தான் இல்ல.”

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். பிறகு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

தீவு மூச்சை அடக்கிக்கொண்டு மென்றது.

“டீச்சர், உப்பு போதுமா?” என்றார் ஆஸ்கெர்.

“ஷ்ஷ்! அவங்க தனியா இருக்காங்கய்யா!”

“தனியா இருக்காங்கன்னுதானே கேட்கிறேன்.”

“பக்கம் திருப்புற சத்தமே காணோம்” என்றார் டாக்டர் சிஸ்ஸல், கவலையோடு.

“புதுப் புஸ்தகம், ஒட்டிக்கிட்டிருக்கும்.”

“முள்ளு தொண்டையில மாட்டியிருந்தா?”

ஆல்வில்டாவால் பொறுக்க முடியவில்லை. எழுந்துபோய், திரையில் இருந்த ஒரு மரத்தில் வாயை வைத்துக் கிசுகிசுத்தார். “டீச்சர், தனியா இருக்கிறது நல்லா இருக்கா?”

“ஆல்வில்டா, உள்ள வா” என்றது குரல். “அண்ணே, நீயும் வா.”

விலாங்கு தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. ஆல்வில்டா தட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா டீச்சர்?”

“நீ இல்ல. நான்தான் பண்ணேன்னு நினைக்கிறேன். என்னோட முதல் வருஷம். நீங்க குடும்பத்தோட அப்பத்தான் தீவுக்குக் குடிவந்தீங்க. மத்தியானம் எல்லாரும் ரொட்டியை எடுத்தாங்க, நீ மட்டும் கோட்டெல்லாம் மாட்டியிருக்கிற இடத்துல, கோட்டுக்கு அடியில போய் உட்கார்ந்திருந்த. எனக்குப் பார்க்கவே பொறுக்கல. என் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து உன் பக்கத்துல போட்டு, என் ரொட்டியைப் பிரிச்சேன். மறுநாள் இன்னொரு பிள்ளை வந்துச்சு. அப்புறம் எல்லாமே வந்துச்சுங்க. ஆனா அன்னைக்கு உன்ன நான் கேட்கவே இல்ல ஆல்வில்டா. பக்கத்துல உட்காரட்டுமான்னு.”

ஆல்வில்டா தலையைக் குனிந்துகொண்டார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

“கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன் டீச்சர்.”

சாய்ந்துகொள்ள எஸ்கில் ஒரு தூணைத் தேடினார். திரைக்குள் தூண் இல்லை.

“எங்க வீட்டுல ஒன்பது பேரு. ஒரே மேஜை. என் ரொட்டி மேல இருக்கிற கறித்துண்டை எவனாவது எடுத்துத் தின்னுடுவான். பள்ளிக்கூடத்துலயாவது நிம்மதியாத் திங்கலாம்னுதான் அந்தக் கோட்டுக்கு அடியில போனேன். நீங்க நாற்காலியோட வந்து நின்னுட்டீங்க.”

“ஏன்டி சொல்லல?”

“உங்க முகம் வாடிருமேன்னுதான்.”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. வெளியே கூடத்தில் கலவரம்.

“டீச்சர் அழறாங்க!”

“இல்ல, சிரிக்கிறாங்க!”

“தனியா இருந்தா அப்படித்தான், ரெண்டும் வரும்.”

ஆல்வில்டா இன்னும் முடிக்கவில்லை. “ஆனா மறுநாளும் அதே கோட்டுக்கு அடியிலதான் போய் உட்கார்ந்தேன் டீச்சர். அன்னைக்குத் தனியா இருக்க இல்ல. நீங்க நாற்காலியைத் தூக்கிட்டு வருவீங்களான்னு பார்க்க.”

டீச்சர் சிரிப்பதை நிறுத்தினார். எட்டி ஆல்வில்டாவின் கையைப் பிடித்தார், அதை விட அவருக்கு நேரம் ஆனது. எஸ்கில் தலைகீழ் மானைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆல்வில்டா, எனக்குத் தனியாச் சாப்பிடணும். இப்படி இல்ல, நிஜமாவே. எல்லாரும் வெளிய போகணும். இனிமே மத்தியானத்துல யாரும் வர வேண்டாம். ராத்திரிக்கு வாங்க, சந்தோஷமா இருக்கும். மத்தியானம் வேண்டாம்.”

ஆல்வில்டாவின் முகம் வாடத்தான் செய்தது. டீச்சர் கண்ணை விலக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆல்வில்டா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றார்.

“எல்லாரும் தட்டை எடுத்துக்கிட்டு வெளிய போங்க.”

நாலா பக்கமும் கைகள் உயர்ந்தன.

“கையெல்லாம் கீழ. யாரையும் கேட்கப்போறதில்ல.”

தேனீ வளர்க்கிற பெரியவர், “எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக.

“வெளிய போய்ச் சொல்லுங்க தாத்தா.”

ஸ்கார்வோ எழுந்து நடந்தது. துறைமுகத்தில் நல்ல காற்று. உருளைக்கிழங்கு ஆறியது, கடற்காக்கைகளுக்கு அன்று திருவிழா. கூடத்தில் கடைசியாக மிஞ்சியவர் எஸ்கில். திரையின் ஓரத்தை இழுத்து மானை நேராக்கப் பார்த்தார். மேஜையில் கரண்டி சற்றே சாய்ந்திருந்தது, அதையும் சரி செய்தார்.

“அண்ணே.”

“இந்தா, போறேன். ஜாடியில பால் போதுமான்னு...”

“அண்ணே, நீயும்தான்.”

அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். யாரும் திரும்பி வந்துவிடக்கூடாதே என்று கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காவல் நின்றார். உள்ளிருந்து மெதுவாகச் சத்தங்கள் வந்தன. நாற்காலி நகர்ந்தது. திரை சரசரவென்று கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாரோ முள்ளை உறிஞ்சிச் சப்புகிற சத்தம். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அப்படிச் சப்பியிருந்தால் டீச்சர் புருவத்தைத் தூக்கியிருப்பார். எஸ்கிலுக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கதையைப் பெஞ்சில் உட்கார்ந்து எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்த ஆரம்பித்துவிட்டார்.

“எஸ்கில்!” என்று துறைமுகத்திலிருந்து ஆஸ்கெர் கத்தினார். “டீச்சர் என்ன பண்றாங்க?”

அத்தனை தலைகளும் திரும்பின. எஸ்கில் வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. தானும் இன்னொரு திரைக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதவிலிருந்து முதுகை எடுத்தார்.

“தெரியாது” என்று திரும்பக் கத்தினார். “எனக்கும் தெரியாது, உனக்கும் தெரிய வேண்டாம்.”

இறங்கி நடந்தார். துறைமுகச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஏற்கனவே அவருக்கு இடம்விட்டு நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க இன்னும் சாப்பிடலியே, எஸ்கில்? உட்காருங்க, உட்காருங்க. யாரோட உட்காருறீங்க?”

“நகருங்கடா” என்றார் எஸ்கில். பசியில் உயிர் போனது.